160 நியூட்டன் ஜெட் எஞ்சினில் பால் பேரிங்கை எடுத்துவிட்டுக் காற்றுப் பேரிங் வைக்க முடியுமா?

கேள்வி: சுழல்தண்டு (இது கேட்பவரின் புனைபெயர்; பதில் எழுதுவோரின் பெயர்களும் அப்படியே)

சிறு ஆளில்லா விமானத்துக்கான 160 நியூட்டன் வகுப்பு டர்போஜெட் ஒன்றுக்குக் கணக்குப் போட்டு வருகிறேன். ஒரு ரேடியல் கம்ப்ரஸர், ஒரு ஆக்சியல் டர்பைன், அழுத்த விகிதம் 3.4. உச்ச வேகம் 1,10,000 ஆர்பிஎம், ஐடில் 35,000. ரோட்டரின் மொத்த எடை 350 கிராம், அச்சைச் சுற்றிய நிலைமத் திருப்பம் ஏறக்குறைய 0.0001 கிலோகிராம்-மீட்டர்². இரண்டு பேரிங்குக்கும் இடையே 80 மி.மீ.

இந்த வகை எஞ்சின்களில் வழக்கமாக இருப்பது 608 அளவு செராமிக் குண்டு பேரிங்: 8 மி.மீ. துளை, 22 மி.மீ. வெளிவிட்டம், 7 மி.மீ. அகலம். எரிபொருளில் 4-5 சதவீதம் எண்ணெய் கலந்து, அதில் ஒரு சிறு பங்கைப் பேரிங்குக்குத் திருப்பிவிடுகிறோம். அந்த எண்ணெய் திரும்பி வருவதில்லை, டர்பைன் வழியாக எரிந்து போகிறது. 25 முதல் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை பேரிங் மாற்ற வேண்டியிருக்கிறது. இவை இரண்டையும் தவிர்க்கத்தான் காற்றுப் பேரிங் பக்கம் பார்க்கிறேன்.

கேட்க நினைப்பது இவை. 608 உட்காரும் அதே இடத்தில் ஃபாயில் பேரிங் (மெல்லிய உலோகத் தகட்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே சுழற்சியால் உருவாகும் காற்றுப் படலத்தில் ஷாஃப்ட் மிதக்கும் வகை) உட்காருமா? ஃபாயில் வகை நல்லதா, அல்லது கம்ப்ரஸர் காற்றையே துளை வழியாக ஊட்டும் அழுத்தக் காற்று வகையா? பூச்சு எது? ஸ்டார்ட் செய்யும்போது உரசுமே, அதை எப்படிச் சமாளிப்பது?

பதில்: படலம்

முதல் கேள்விக்கு நேர் பதில்: உட்காராது. 8 மி.மீ. ஷாஃப்டில் காற்றுப் பேரிங் இந்த எஞ்சினின் சுமையைத் தாங்காது. ஏன் என்பதை எண்களோடு பார்த்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதி தானாகத் தீரும்.

காற்றின் பாகுநிலை மிகக் குறைவு. 20 டிகிரியில் 0.000018 பாஸ்கல்-விநாடி. எஞ்சின் எண்ணெய் 100 டிகிரியில் அதைப்போல இருநூறு மடங்குக்கு மேல். இந்தக் குறையை வேகமும் பரப்பும்தான் ஈடுகட்ட வேண்டும். ஃபாயில் பேரிங்கின் தாங்குதிறனுக்கு நாசாவில் டெல்லாகோர்ட்டும் வால்கோவும் 2000-இல் ஒரு எளிய சூத்திரம் வெளியிட்டார்கள். அதை மி.மீ., நியூட்டன் அளவுக்கு மாற்றினால்:

சுமை (நியூட்டன்) = 0.000271 × கெழு × நீளம் × விட்டம் × விட்டம் × வேகம் (ஆயிரம் ஆர்பிஎம்மில்)

கெழு பேரிங்கின் தலைமுறையைப் பொறுத்தது. தகடு சுற்றிலும் ஒரே விறைப்போடு இருக்கும் முதல் தலைமுறைக்கு 0.1 முதல் 0.3. ஒரு திசையில் விறைப்பை மாற்றி அமைத்த இரண்டாம் தலைமுறைக்கு 0.3 முதல் 0.6. நீளவாக்கிலும் சுற்றுவாக்கிலும் மாற்றி அமைத்த மூன்றாம் தலைமுறைக்கு 0.8 முதல் 1.0.

8 மி.மீ. விட்டம், 8 மி.மீ. நீளம், 110 ஆயிரம் ஆர்பிஎம், கெழு 0.2 என்று போட்டால் வருவது 3 நியூட்டன். ரோட்டரின் எடையே 3.4 நியூட்டன். விட்டத்தையும் நீளத்தையும் 20 மி.மீ. ஆக்கிப் பாருங்கள். அதே முதல் தலைமுறைக் கெழுவில் 48 நியூட்டன், இரண்டாம் தலைமுறையில் (0.45) 107, மூன்றாம் தலைமுறையில் (0.9) 215. விட்டமும் நீளமும் சேர்ந்து வளர்வதால் தாங்குதிறன் கன விகிதத்தில் ஏறுகிறது. ஆக ஷாஃப்ட் 20 மி.மீ. ஆகிறது. கம்ப்ரஸர் சக்கரம் பிடிக்கும் முறை, ஷாஃப்ட் உறை, எரியறையின் உள்விட்டம் எல்லாம் அதற்கேற்ப மாறும். பேரிங்கை வைத்துத்தான் ரோட்டரை வரைய வேண்டும், ரோட்டரை வரைந்துவிட்டுப் பேரிங் தேடக் கூடாது.

இனி விமானம் என்பதால் வரும் சுமை. தரையில் நிற்கும் மைக்ரோ டர்பைனில் ஃபாயில் பேரிங் பல்லாண்டுகளாக ஓடுகிறது. கேப்ஸ்டோன் நிறுவனத்தின் 30 கிலோவாட் சி30 ஜெனரேட்டர் 96,000 ஆர்பிஎம்மில் காற்றுப் பேரிங்கில்தான் சுழல்கிறது. பயணிகள் விமானத்தின் கேபின் குளிரூட்டும் சுழலியிலும் 1970களின் தொடக்கத்திலிருந்தே இது இருக்கிறது, டிசி-10 விமானத்தில் வந்தது. ஆனால் ஜெனரேட்டர் திரும்புவதில்லை. குளிரூட்டும் சுழலியிலோ டர்பைன் பக்கம் சூடே கிடையாது. உங்கள் எஞ்சினுக்கு இரண்டும் உண்டு.

மூக்கை மேலே தூக்கினாலும் பக்கவாட்டில் திருப்பினாலும் ஜைரோ திருப்புவிசை வரும். அளவு: நிலைமத் திருப்பம் × கோண வேகம் × திரும்பும் வேகம். 1,10,000 ஆர்பிஎம் என்பது விநாடிக்கு 11,519 ரேடியன். விமானம் விநாடிக்கு 3 ரேடியன் திரும்பினால் 0.0001 × 11,519 × 3 = 3.46 நியூட்டன்-மீட்டர். அதை 80 மி.மீ. இடைவெளியால் வகுத்தால் ஒவ்வொரு பேரிங்கிலும் 43 நியூட்டன், எதிரெதிர்த் திசையில். ரோட்டர் எடையில் ஒரு பேரிங்குக்கு வரும் பங்கு 1.7 நியூட்டன்தான். எடையை மட்டும் வைத்துப் பேரிங் தேர்ந்தெடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அச்சைச் சுற்றி உருள்வது (ரோல்) மட்டும் இதில் சேராது.

48 நியூட்டன் தாங்கும் முதல் தலைமுறைப் பேரிங்கில் 43 நியூட்டன் ஜைரோ சுமை, எடை, பேலன்ஸ் மிச்சம் எல்லாம் சேர்ந்தால் இடமே இல்லை. இரண்டாம் தலைமுறை என்றால் ஏறக்குறைய இருமடங்கு பாதுகாப்பு கிடைக்கும். அதற்குக் கீழே போக வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேகம் குறைந்தால் தாங்குதிறன் குறையும், ஜைரோ சுமையும் அதே விகிதத்தில் குறையும். அதனால் அந்த இரண்டுக்கும் நடுவிலான விகிதம் மாறாது. தரையில் மோதும் அதிர்ச்சி அப்படிக் குறையாது. ஐடிலில் இறங்கும்போது 10 ஜி அதிர்ச்சி வந்தால் பேரிங்குக்கு 17 நியூட்டன். 35,000 ஆர்பிஎம்மில் முதல் தலைமுறையின் தாங்குதிறன் 15. உரசும். இரண்டாம் தலைமுறைக்கு 34, தாங்கும். முழு வேகத்தை வைத்து மட்டும் கணக்கை முடித்துவிட்டால் இந்த இடம் கண்ணில் படாமலே போய்விடும்.

24 மி.மீ. ஆக்கினால் என்ன என்ற எண்ணம் வரும். முதல் தலைமுறையே 82 நியூட்டன் தாங்கும், ஷாஃப்டின் வளைவு விறைப்பும் கூடும். ஆனால் உராய்வு இழப்பு நான்காம் அடுக்கில் ஏறும். 20 மி.மீ. பேரிங்கில் காற்றுப் படலம் 8 மைக்ரான், வெப்பநிலை 250 டிகிரி அருகே என்று வைத்தால் இழப்பு ஒரு பேரிங்குக்கு 54 வாட் அளவு. 24 மி.மீ.யில் 110 வாட்டைத் தாண்டும். அந்தச் சூட்டை வெளியே எடுக்க வேண்டுமே.

பதில்: தகட்டுவேலை

மேலே சொன்ன கணக்கு சரி. பேரிங் செய்வதைப் பற்றி நான் எழுதுகிறேன். 'பம்ப் ஃபாயில்' என்று தமிழில் எழுதினால் எரிபொருள் பம்ப்போடு குழம்பிவிடும். அதனால் நெளிதகடு, மேல்தகடு என்றே சொல்கிறேன். கீழே ஸ்பிரிங் மாதிரி அலை அலையாக இருப்பது நெளிதகடு. அதன்மேல் ஷாஃப்டைச் சுற்றி வழவழப்பாக இருப்பது மேல்தகடு.

இரண்டுக்கும் இன்கோனல் எக்ஸ்-750, 0.1 மி.மீ. தடிமன். அனீல் செய்த (சூடாக்கி மென்மையாக்கிய) நிலையில் வாங்குங்கள். கடினமாக்கிய தகட்டை வாங்கி நெளிக்கப் போனால் முகட்டில் விரிசல் விழும். அனீல் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி நெளி எடுக்க வேண்டும். நெளி உயரம் 0.5 மி.மீ., முகட்டுக்கு முகடு 3 முதல் 4.5 மி.மீ. என்பது வழக்கமான அளவு. 20 மி.மீ. ஷாஃப்டுக்குச் சின்ன அளவு பக்கம் போங்கள். அச்சிலிருந்து எடுத்ததும் தகடு கொஞ்சம் திரும்பிக்கொள்ளும், அதனால் அச்சின் உயரத்தைக் கூட்டி வெட்டணும். எவ்வளவு கூட்டுவது என்பதை இரண்டு மூன்று துண்டு அழுத்தி அளந்து பார்த்தால்தான் தெரியும், சூத்திரம் வைத்துப் பிடிக்க முடியாது.

நெளித்த பிறகு, வளைத்த பிறகு, கடைசியாகத்தான் வெப்பப் பதம். 704 டிகிரியில் 20 மணி நேரம், பிறகு காற்றில் ஆற விடுவது. வெற்றிடத்திலோ ஆர்கானிலோ செய்யுங்கள், இல்லையென்றால் மேலே ஆக்சைடு ஏறும். முக்கியமானது, பதம் போடும்போது தகட்டை அதன் இறுதி வளைவில் ஒரு உருளையில் இறுகக் கட்டி வைப்பது. சும்மா தட்டில் போட்டுச் சுட்டால் வடிவம் விட்டுப்போகும். இந்த ஒரு படியைச் சோம்பலில் விட்டுவிட்டு, மேல்தகடு ஒரு பக்கம் தூக்கி நிற்கிறதே என்று கடைசியில் தேடுவது ரொம்பச் சகஜம்.

தகட்டின் ஒரு முனை மட்டும் உறையில் பிடிக்கப்படும், மறுமுனை நழுவ விடணும். ஸ்பாட் வெல்டைவிட, வயர் கட்டிங்கில் உறைக்குள் ஒரு மெல்லிய காடி வெட்டி, மடித்த முனையை அதில் செருகுவது நல்லது. தகட்டை மாற்றலாம், வெல்ட் புள்ளி அருகே சுருக்கமும் வராது. இந்தப் பேரிங் ஒரு திசையில் மட்டும்தான் ஓடும். உறையின் முகத்தில் அம்புக்குறி பொறித்துவிடுங்கள். முன் பேரிங்கையும் பின் பேரிங்கையும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து செருகுவதால், ஒன்று தலைகீழாகப் போய்விடும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் தலைமுறை வேண்டுமென்றால் நெளிதகட்டை ஒரே அகலமாக விடாமல், சுற்றுவாக்கில் வெட்டி நான்கைந்து குறும்பட்டைகளாக்குங்கள். ஷாஃப்ட் சாய்ந்தாலும் ஓரம் மட்டும் அமுங்கிக்கொடுக்கும், நடுப்பகுதியில் காற்றழுத்தம் நிற்கும். ஜைரோ சுமையில் ஷாஃப்ட் சாய்வதால் உங்களுக்கு இது அவசியம்.

பூச்சுக்கு வருவோம். முன் பேரிங்கும் பின் பேரிங்கும் ஒரே பூச்சில் ஓடாது. முன்னால், கம்ப்ரஸர் பக்கம், மேல்தகட்டின் உள்முகத்தில் பிடிஎஃப்இ (டெஃப்லான்) போதும். அதன் எல்லை 260 டிகிரி. 'முன்பக்கம் குளிர்ச்சிதானே' என்று நினைத்துவிட வேண்டாம். அழுத்த விகிதம் 3.4, கம்ப்ரஸர் திறன் 72 சதவீதம் என்றால் வெளிவரும் காற்றே 180 டிகிரி தாண்டும். உங்கள் 'குளிரூட்டும் காற்று' அதுதான். ஆக 75-80 டிகிரி இடைவெளிதான் கையில் இருக்கு.

பின்னால் பிளாஸ்டிக் எதுவும் நிற்காது. மாலிப்டினம் டைசல்ஃபைடும் 350 டிகிரிக்கு மேல் காற்றில் ஆக்சைடாகிவிடும். அங்கே ஷாஃப்டின்மேல் நாசாவின் பிஎஸ்304 மாதிரிப் பூச்சு. எடைக்கணக்கில் நிக்கல்-குரோம் 60, குரோமியம் ஆக்சைடு 20, வெள்ளி 10, பேரியம்-கால்சியம் ஃப்ளூரைடு 10. பிளாஸ்மா தெளிப்பில் ஏற்றி, வைரக்கல்லால் கிரைண்ட் செய்து, 0.25 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்து மெருகேற்ற வேண்டும். தகட்டின்மேல் ஒன்றும் பூச வேண்டாம். 650 டிகிரி வரை ஓடும். இதில் ஒரு சிக்கல், பிஎஸ்304 முதல்முறை சூடேறும்போது பருக்கும். அதனால் கடைசி கிரைண்டிங்குக்கு முன்னாலேயே அடுப்பில் வைத்து நிலைப்படுத்தணும். பருப்பதைக் குறைக்கத்தான் பிறகு பிஎஸ்400 வந்தது: நிக்கல்-மாலிப்டினம்-அலுமினியம் 70, குரோமியம் ஆக்சைடு 20, வெள்ளி 5, ஃப்ளூரைடு 5. அது நல்ல வழவழப்பு எடுக்கும், ஆனால் சூடேறின பிறகுதான் நன்றாக வழுக்கும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் அதற்கு உதவி வேண்டும்.

கிளியரன்ஸ் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தகடு அமுங்குவதால் பால் பேரிங் மாதிரி ஒரு எண்ணைச் சொல்லி முடிக்க முடியாது. டம்மி ஷாஃப்டை லேத் சக்கில் பிடித்து, பேரிங் உறையை அதன்மேல் மாட்டி, விசைமானியால் மேலே 30 நியூட்டன், கீழே 30 நியூட்டன் என்று மெதுவாக இழுத்து, நகர்வை டயல் கேஜில் குறித்து வரைபடம் போடுங்கள். நடுவில் விசையே ஏறாமல் நகரும் பகுதி இருந்தால் அதுதான் தளர்வு. ஏறுமுகக் கோடும் இறங்குமுகக் கோடும் பிரிந்து நிற்கும் பரப்புதான் தகட்டு உராய்வு தரும் தணிப்பு. பரப்பே இல்லாமல் இரண்டு கோடும் ஒன்றாகப் போனால் அந்தப் பேரிங்கை எஞ்சினில் போடாதீர்கள், அதிர்வை அது விழுங்காது.

எந்தப் பக்கம் தவறலாம் என்றால், தளர்வுப் பக்கம் தவறலாம். தளர்வு கொஞ்சம் கூடினால் தாங்குதிறன் கொஞ்சம் குறையும். இறுக்கம் கூடினால் எரிந்துபோகும். ஷாஃப்ட் உறையைவிட 100 டிகிரி சூடாக இருந்தால் 10 மி.மீ. ஆரத்தில் 13 மைக்ரான் வளர்கிறது. படலமே 8 மைக்ரான்தான். அதோடு சுழற்சியால் ஷாஃப்ட் ஊதும்: திடமான எஃகு என்றால் 1 மைக்ரான், மெல்லிய சுவர்க் குழாய் என்றால் 5 வரை. படலம் மெலிந்தால் சூடு கூடும், சூடு கூடினால் ஷாஃப்ட் வளரும், படலம் இன்னும் மெலியும். இந்தச் சங்கிலி தொடங்கினால் சில விநாடியில் முடிந்துவிடும், நிறுத்த நேரம் கிடைக்காது.

இதைத் தடுப்பது நெளிதகட்டுக்கு அடியில் ஓடும் காற்று. 50 வாட்டை 60 டிகிரி ஏற்றத்தில் எடுத்துச்செல்ல விநாடிக்கு 0.8 கிராம் போதும். பேரிங்குக்கு 1 கிராம் என்று வைத்துக்கொண்டாலும், விநாடிக்கு 300 கிராமுக்கு மேல் காற்று விழுங்கும் எஞ்சினில் அது பெரிய இழப்பில்லை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழி இருக்கணும். பேரிங்கின் இரண்டு முகமும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் காற்று நகராது, எவ்வளவு பெரிய துளை போட்டாலும் பயனில்லை.

பதில்: அதிர்வலை

இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. துளை வழி அழுத்தக் காற்று ஊட்டும் வகை இந்த எஞ்சினுக்கு வேண்டாம் என்பது என் தீர்ப்பு. ஊட்டழுத்தம் கம்ப்ரஸரிலிருந்து வருவதால், வேகம் ஏறிய பிறகே அது கிடைக்கும். ஸ்டார்ட்டுக்கும் நிறுத்தத்துக்கும் வெளியிலிருந்து சிலிண்டர் காற்று தேவை. சுவர் விறைப்பானது, இடைவெளி 15 முதல் 25 மைக்ரான். மேலே சொன்ன 13 மைக்ரான் வெப்ப வளர்ச்சிக்கு அதில் இடமில்லை, ஃபாயில் மாதிரி விலகிக்கொடுக்கவும் மாட்டாது. உரசினால் கவ்விவிடும். துளைக்குக் கீழே குழி வெட்டினால் குழியின் கொள்ளளவு காற்றுச் சுத்தியல் என்ற அதிர்வைக் கிளப்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, வழவழப்பான விறைப்பு உருளைப் பேரிங் முதல் கிரிட்டிக்கல் வேகத்தின் (சுழற்சி ரோட்டரின் இயற்கை அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் வேகம்) இருமடங்கு வந்ததும் அரைவேக ஆட்டத்தில், அதாவது சுழலும் வேகத்தின் பாதியில் ஷாஃப்ட் வட்டமடிக்கும் அதிர்வில், இறங்கும். ஓ-ரிங்கில் மிதக்கவிட்டுத் தணிக்கலாம் என்பார்கள். 180 டிகிரி காற்றில் வைட்டான் ரப்பர் ஓ-ரிங் தன் எல்லையில் நிற்கும், டர்பைன் பக்கம் நிற்கவே நிற்காது.

ஸ்டார்ட் விஷயத்துக்கு வருகிறேன். 20 மி.மீ. ஷாஃப்ட் படலத்தில் ஏறுவது மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 6 முதல் 10 மீட்டர் வரும்போது, அதாவது 6,000 முதல் 9,500 ஆர்பிஎம்மில். மண்ணெண்ணெயிலேயே பற்றவைக்கும் எஞ்சின்களில் ஈசியூ (எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) பற்றவைக்கும் கட்டத்தில் ரோட்டரைச் சில ஆயிரம் ஆர்பிஎம்மில் பிடித்துவைத்திருக்கும். பால் பேரிங்குக்கு அது ஒன்றுமில்லை. ஃபாயில் பேரிங்குக்கு அது தொடர் உரசல். வேகத்தைக் கூட்டினால் காற்றோட்டம் சுடரை அணைத்துவிடும். அதனால் பற்றவைப்பியை ரோட்டர் நிற்கும்போதே முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு ஒரே தள்ளலில் ரோட்டரை ஏற்றுவதுபோல வரிசையை மாற்றி எழுத வேண்டும்.

அதைவிட மோசமானது நிறுத்திய பிறகு வரும் குளிரூட்டல். எஞ்சின் அணைந்ததும் ஈசியூ ஸ்டார்ட்டர் மோட்டாரால் ரோட்டரை மெதுவாகச் சுற்றிச் சூட்டை இறக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,000 ஆர்பிஎம்மில் 2 நிமிடம் என்றால் 6,000 சுற்று, 377 மீட்டர் உரசல். ஒரு ஸ்டார்ட்டில், 3 விநாடியில் 7,000 ஆர்பிஎம் ஏறினால், 175 சுற்று, 11 மீட்டர்தான். ஒரு குளிரூட்டல் 34 ஸ்டார்ட்டின் தேய்மானத்தைத் தின்கிறது, அதுவும் பூச்சு மிகச் சூடாக இருக்கும் நேரத்தில். டர்பைன் சக்கரத்தில் தேங்கிய சூடு ஷாஃப்ட் வழியாக முன்னால் ஊர்வதும் அதே நேரத்தில்தான். பழைய ஈசியூவை அப்படியே மாட்டினால் நல்ல பேரிங்கும் கெடும், பழி பூச்சின்மேல் விழும். ஸ்டார்ட்டரின் குளிரூட்டலை நிறுத்திவிட்டு, இன்டேக்கில் வெளி விசிறியால் காற்றூதுங்கள். பறக்கும் நேரத்தில் அணைந்தால் எதிர்க்காற்றே ரோட்டரைச் சுற்றும். அந்த வேகம் படல வேகத்துக்குக் கீழே இருந்தால் அங்கேயும் உரசல் நடக்கும்.

ஃபாயில் பேரிங் பக்கம் போகும் எண்ணெய்க் குழாயை வெட்டி முழுமையாக அடைத்துவிடுங்கள். ஃபாயில் பேரிங்குக்குள் போகும் எண்ணெய் நெளிதகட்டில் கரியாகப் படிந்து தகட்டை ஒட்டவைக்கும்.

அச்சுவாக்குச் சுமையைப் பற்றி யாரும் எழுதவில்லையே? 608 ஜோடி ஸ்பிரிங் அழுத்தத்தில் அதையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருந்தது. ஃபாயிலுக்கு மாறினால் தனியாக இருபக்க த்ரஸ்ட் பேரிங்கும் அதற்கு ஷாஃப்டோடு சுழலும் ஒரு ரன்னர் தட்டும் வேண்டும், கம்ப்ரஸருக்கும் முன் பேரிங்குக்கும் நடுவே. 45 மி.மீ. தட்டின் விளிம்பு வேகம் விநாடிக்கு 259 மீட்டர். தட்டு சுழலும்போதும் சூடேறும்போதும் கிண்ணம்போலக் குழியும். சில மைக்ரான் குழிந்தாலே ஒரு வளையத்தில் மட்டும் படலம் மிஞ்சும். நடைமுறையில் முதலில் எரிவது இந்தப் பேரிங்தான். கம்ப்ரஸர் சர்ஜ் ஆனால் (காற்றோட்டம் குலைந்து பின்னோக்கித் திரும்பினால்) சுமை திசை மாறும், அதனால் ஒருபக்கம் மட்டும் வைத்துத் தப்ப முடியாது.

இதை மனதில் வைத்துத்தான் முதல் எஞ்சினுக்குப் பாதிவழி அமைப்பைப் பரிந்துரைக்கிறேன்: முன்னால் பால் பேரிங், பின்னால் ஃபாயில். முதலில் கெடுவது வழக்கமாகச் சூட்டுப் பக்கப் பால் பேரிங், அது போய்விடுகிறது. ஆனால் பின்பக்க ஜோடி இல்லாததால் முன்னால் இருக்கும் ஒற்றைக் கோணத்தொடர்புப் பேரிங் ஒரு திசையில்தான் தாங்கும். அதற்குப் பதில், ஒன்றுக்கொன்று எதிர்முகமாக வைத்த இரட்டை வேண்டும்.

சுழல்தண்டு

பாதிவழி அமைப்பில் வரைபடத்தை மாற்றுகிறேன். முழு ஃபாயில் ரோட்டரைத் தனியாக, சூடில்லாமல், அழுத்தக் காற்றால் சுழற்றும் மேசையில் வைத்துப் பார்த்ததில் ஒரு விஷயம். ஜி2.5-க்கு (பேலன்ஸ் துல்லியத் தரம், எண் குறைந்தால் துல்லியம் கூடும்) பேலன்ஸ் செய்த ரோட்டர். 60,000 ஆர்பிஎம்மில் அதிர்வு வரைபடத்தில் 370 ஹெர்ட்ஸில் ஒரு கோடு எழுகிறது. 80,000-க்குப் போனாலும் அதே 370-இல் நிற்கிறது, உயரம் மட்டும் கூடுகிறது. இது அரைவேக ஆட்டமா? மேலே போகலாமா?

பதில்: அதிர்வலை

80,000-க்கு மேல் போகாதீர்கள். 60,000 ஆர்பிஎம் என்பது 1,000 ஹெர்ட்ஸ், 80,000 என்பது 1,333. சரியான அரைவேகம் என்றால் கோடு 500-லிருந்து 667-க்கு நகர்ந்திருக்கும். நகராமல் 370-இல் நிற்பதால் அது ரோட்டரின் இயற்கை அதிர்வெண்ணில் பூட்டிக்கொண்ட ஆட்டம். ஒரு பேரிங்கின் விறைப்பு மீட்டருக்கு 10 லட்சம் நியூட்டன் என்று வைத்தால், இரண்டு பேரிங், 350 கிராமுக்கு 380 ஹெர்ட்ஸ் வருகிறது. உங்கள் எண் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. அதாவது ரோட்டர் வளையவில்லை, விறைப்பான கட்டையாகவே பேரிங்மேல் ஆடுகிறது. இதே அதிர்வெண்ணைத்தான் 22,000-23,000 ஆர்பிஎம்மில் கடந்து வந்திருப்பீர்கள்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் பேலன்ஸ். ஜி2.5 இந்த ரோட்டருக்கு 76 மி.கி.-மி.மீ., முழு வேகத்தில் 10 நியூட்டன். தாங்கும்தான், ஆனால் தகட்டின் விறைப்பு நேர்கோட்டில் இல்லாததால் பேலன்ஸ் பிழையே கீழ் அதிர்வெண்ணைக் கிளப்பும். ஜி1-க்கு, 30 மி.கி.-மி.மீ.க்கு, இரண்டு தளத்தில் கொண்டுவந்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். கோடு அப்படியே இருந்தால் நெளிதகட்டுக்கும் உறைக்கும் நடுவே 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று ஷிம் பட்டைகள் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடுகள்), 25 மைக்ரானில் தொடங்கி. வட்டத் துளை மூன்று மடல் வடிவம் ஆகும், ஷாஃப்ட் நடுவில் பிடிபடும், ஆட்டம் தொடங்கும் வேகம் மேலே போகும். ஆரம்பத்திலேயே 50 போடாதீர்கள். ஒவ்வொரு ஷிம்மும் படல வேகத்தையும் ஸ்டார்ட் திருப்புவிசையையும் சூட்டையும் கூட்டும். தகட்டுவேலை சொன்ன மேல்-கீழ் இழுவைச் சோதனையை ஷிம் போட்ட பிறகு மறுபடி செய்து, தளர்வு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

அளவீட்டுக்கு எஞ்சின் உறைமேல் ஒட்டிய அதிர்வுமானி போதாது, தகடு அதை மறைத்துவிடும். ஒவ்வொரு பேரிங் அருகிலும் 90 டிகிரி தள்ளி இரண்டு எடிகரன்ட் சென்சார் (தொடாமலே இடைவெளியை அளப்பது), ஷாஃப்டையே நேராகப் பார்க்கும்படி. இரண்டு முனையும் ஒரே திசையில் ஆடுகிறதா எதிரெதிராக ஆடுகிறதா என்பதும் அதில்தான் தெரியும். எதிரெதிராக ஆடினால் ஷிம்மை டர்பைன் பக்கம் மட்டும் போட்டுப் பார்க்கலாம்.

பதில்: படலம்

மேசைச் சோதனையில் ஒவ்வொரு நிறுத்தத்தையும் பதிவு செய்யுங்கள். காற்றை அடைத்த பிறகு வேகம் நேரத்தோடு எப்படி இறங்குகிறது என்ற வரைபடம். படலத்தில் மிதக்கும்வரை கோடு வழவழவென வளைந்து இறங்கும். தகட்டைத் தொட்டதும் சடாரென்று நேர்கோடாக விழும். கோடு திரும்பும் அந்த முட்டி எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்று குறித்துவைத்தால் போதும். ஸ்டார்ட் எண்ணிக்கை ஏற ஏற முட்டியும் மேலே நகர்ந்தால் பூச்சு தேய்கிறது அல்லது மேல்தகடு தொய்கிறது. முன்பு 7,000-இல் இருந்தது 9,000-க்கு வந்தால் பிரித்துப் பாருங்கள். மேல்தகட்டில் நெளி முகடுகள் இருக்கும் அதே இடைவெளி அளவில் பளபளப்பான கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் அது சாதாரணத் தேய்மானம். ஓரத்தில் மட்டும் நீலம் பாய்ந்திருந்தால் ஷாஃப்ட் சாய்ந்து ஓடியிருக்கிறது, உறைகள் ஒரே அச்சில் இல்லை. நடுவில் நீலம் என்றால் குளிரூட்டும் காற்று வந்து சேரவில்லை.